கரி யாருடையது?

கேள்வி: தனியாரின் கனிம உரிமையை அரசு பறித்தால் நியாயமான இழப்பீடு கிடைக்குமா?

பதில்: எந்த வருஷம் கோர்ட்டுக்குப் போகிறீர்கள்? பென்சில்வேனியாவில் ஒரு நிலக்கரிக் கம்பெனி 1878-ல் மேல்மண்ணை விற்றது. கரியைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. ‘வீடு உள்ளே போனாலும் கேட்கமாட்டோம்’ என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டது, கில்லாடிகள்! குடியிருப்பு உள்ளே இறங்கும்படி தோண்டக்கூடாது என்று 1921-ல் மாநிலம் சட்டம் போட்டது. இழப்பீடு தராமல் அது செல்லாது என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம், 1922-ல். ஏறக்குறைய அதே ஜாடையில் அம்மாநிலத்தின் இன்னொரு சட்டம் 1987-ல் அதே நீதிமன்றத்தின் முன் வந்து நின்றது. வீடுகளைத் தாங்க 2.7 கோடி டன் கரியை மண்ணுக்குள்ளேயே விட்டுவைக்க வேண்டிய நிலை. இம்முறை ஐந்துக்கு நான்கு நீதிபதிகள் என்ற கணக்கில் சல்லிக்காசு கிடையாது! கம்பெனிகள் பக்கம் பேசித் தோற்றவர்களில் தலைமை நீதிபதி ரென்குவிஸ்ட்டும் ஒருவர்.