எட்டுக் கம்பி

நாஸ் பெட்டி வாங்குவது சுலபம். அது எதற்கு என்று வீட்டில் விளக்குவதுதான் கஷ்டம். "ஹார்ட் டிஸ்க்தான், ஆனா நெட்வொர்க்ல இருக்கும். கல்யாண வீடியோவை எல்லாரும் அவங்கவங்க போன்லயே பாக்கலாம்" என்றேன். "அதை யாருங்க பாக்கறா?" என்றாள் மனைவி. வன்பொருள் மதிப்பீட்டில் இந்தக் கேள்விக்குக் கட்டம் கிடையாது.

உள்ளே இரண்டு 4 டிபி டிஸ்க். ரெய்டு 1 முறையில் ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும். ஒன்று மண்டையைப் போட்டால் இன்னொன்று காப்பாற்றும். ஆக, எட்டுக்குக் காசு கொடுத்து நாலைத்தான் அனுபவிக்கிறோம். அந்த நாலும் விண்டோஸில் 3.63 என்றுதான் தெரியும். டிஸ்க் கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது; விண்டோஸ் 1024, 1024 ஆக எண்ணுகிறது. "பழைய பேப்பர்காரரும் இப்படித்தான் கணக்கு சொல்றார்" என்றாள்.

அடுத்தது சத்தம். நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் டிஸ்க்குகளை மர அலமாரியில் வைத்தால் அலமாரியே ஸ்பீக்கராகிவிடும். ராத்திரியில் கேட்ட அந்தக் கறமுற சத்தம் மாமியாரின் காதில் எலியாக விழுந்தது. காலையில் பார்த்தால் பெட்டிக்குப் பக்கத்தில் எலிப்பொறி, அதில் அரை மசால்வடை. பெட்டிக்கு அடியில் ரப்பர் ஷீட் போட்டதும் எலி போய்விட்டதாக வீட்டில் அறிவிக்கப்பட்டது. பெருமை வடைக்குப் போனது.

இனி வேகம். கிகாபிட் என்பது வினாடிக்கு 1000 மெகாபிட். எட்டால் வகுத்தால் 125 மெகாபைட். பெரிய ஃபைலுக்கு 110 வந்தாலே பெட்டி பாஸ். எனக்கு வந்தது 11. ஒன்பது நிமிடத்தில் ஏற வேண்டிய 60 ஜிபி கல்யாண வீடியோ ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டது. சரியாக ஒரு ராகு காலம்.

பிராசசரைச் சந்தேகித்தேன், ராமைச் சந்தேகித்தேன். ஆனால் 11 என்ற எண்ணே குற்றவாளியைக் காட்டிக்கொடுத்தது: அது 100 மெகாபிட் இணைப்பின் வேகம். வீட்டுக்கு வயரிங் செய்த தம்பியைக் கூப்பிட்டேன்.

"நெட்டுக்கு நாலு கம்பி போதும் சார். மீதி நாலுல வாசல் கேமராவுக்கு கரண்ட் குடுத்திருக்கேன். வீணாப் போகக் கூடாதுல்ல?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. 100 மெகாபிட்டுக்கு நாலு கம்பி போதும். கிகாபிட்டுக்குத்தான் எட்டும் வேண்டும். முனகிக்கொண்டே கேமராவுக்குத் தனி வயர் இழுத்தார். அடுத்த நிமிடமே 110. ஆயிரக்கணக்கான குட்டிப் போட்டோக்களை அனுப்பினால் வேகம் இப்போதும் படுத்துவிடும். ஒவ்வொரு ஃபைலையும் திறந்து, பெயர் பதிந்து, மூடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. அதற்குக் கம்பி பொறுப்பல்ல.

பெட்டிக்கு என் தீர்ப்பு: வேகம் நன்று, சத்தம் அதிகம். ரெய்டு இருக்கிறதே என்று பேக்கப் எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். ஒரு போட்டோவை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் போய்விடும். வெளியே தனியாக ஒரு பிரதி வையுங்கள். பெட்டிக்கு ஆர்டர் போடுவதற்கு முன்னால் சுவரில் இருக்கும் நெட் பாயின்ட்டைக் கழற்றி, கம்பிகளை எண்ணிப் பாருங்கள்.