அண்ணன் சொல்றேன், கேட்டுக்கோ

ஓமந்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்துத் திண்டிவனம் வரும் பையன் ஒருவன் உங்கள் பக்கத்து சீட்டில் வந்து சேர்ந்திருக்கிறான். குரூப் 4 எழுதி வந்த இளநிலை உதவியாளர். "சார், குரூப் 2-க்குப் படிக்கட்டுமா, டிபார்ட்மென்ட் டெஸ்ட்டை முதல்ல முடிக்கட்டுமா?" என்கிறான்.

பதில் சொல்லிவிடாதீர்கள். டீக்கடைக்குக் கூட்டிப் போங்கள். காசு அவன் கொடுக்கட்டும். "எங்க காலத்துல தம்பி..." என்று ஆரம்பித்து, 1993-இல் தென்னாற்காடு பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானபோது ஃபைல் கட்டுகளை நீங்களே சுமந்ததாகச் சொல்லுங்கள். அப்போது நீங்கள் பத்தாம் வகுப்பில் இருந்தது அவனுக்குத் தெரியவா போகிறது?

அவன் வயது என்ன, வீட்டில் வேறு யார் சம்பாதிக்கிறார்கள், ராத்திரி எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேருகிறான் என்றெல்லாம் கேட்டால் கெட்டீர்கள். அப்புறம் அவனுக்கென்று தனியாக யோசிக்க வேண்டிவரும். "படி, ஆனா ரொம்பப் படிக்காதே" என்பது எல்லோருக்கும் பொருந்தும்.

டிபார்ட்மென்ட் டெஸ்ட் ஆண்டுக்கு 2 முறை வருகிறது, சில தாள்களைப் புத்தகம் பார்த்தே எழுதலாம், உரிய தாளை முடிக்காதவருக்குப் பதவி உயர்வு கிடையாது. அவனுக்கு உபயோகப்படுவது இவ்வளவுதான். வாயே திறக்காதீர்கள்.

நடுவில் ஊர்ப் பெரியவரை இழுங்கள். ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் 1947 மார்ச்சில் சென்னை மாகாண முதல்வரானார். 1949 ஏப்ரலில் பதவி போனது. பிறகு வடலூரில் வள்ளலார் பணிக்குப் போய்விட்டார். "பிழைக்கத் தெரியாதவர்" என்று உச்சுக்கொட்டுங்கள். ஆலயப் பிரவேசச் சட்டமும் தேவதாசி ஒழிப்புச் சட்டமும் அவர் ஆட்சியில் வந்தவை என்று பையன் சொன்னால், "அதனால அவருக்கு என்ன இன்க்ரிமென்ட் கிடைச்சுது?" என்று மடக்குங்கள். நான் அப்படித்தான் மடக்கினேன். பையன் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் எதிர் சீட்டு மேடத்திடம் கேட்டிருக்கிறான். அவர் இரண்டு கேள்வி கேட்டார். "நீ மூத்த பிள்ளை, சம்பளம் ஏறணும். டெஸ்ட்டை முடிச்சுடு, அப்புறம் குரூப் 2" என்று சொல்லி, விண்ணப்பிக்கக் கடைசித் தேதியைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தார். டீ கூட வாங்கிக்கொள்ளவில்லை. அனுபவம் போதாது, பாவம்.

பையன் பாஸ் செய்துவிட்டான். அடுத்த அறிவிப்பு வந்ததும் வாசகர்கள் யாராவது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அக்கவுண்ட் டெஸ்ட் எனக்கு இன்னும் பாக்கி.