நேத்துக்குப் போற பேராண்டிக்கு

ஏலே, பழைய காலத்துக்குப் போக மெஷின் செய்யப் போறியாம்லா. உங்க ஆச்சி சொன்னா. போயி, பைபாஸ் வர்றதுக்கு முந்தியே அந்தப் பொட்டக்காட்டை வளைச்சுப் போடத் திட்டமாம். நல்லதுடே. போறப்போ பழைய ரூவா நோட்டாப் பாத்து எடுத்துட்டுப் போ. இப்ப உள்ள நோட்டை நீட்டுனா, கள்ளநோட்டுன்னு போலீசுல புடிச்சுக் குடுத்துருவான்.

முன்னாடி, அதாவது எதிர்காலத்துக்குப் போறதுன்னா தடையே இல்ல. எல்லாருக்கும் பொதுவா ஒரே காலம் ஓடல, வேகமாப் போறவனுக்கு மெதுவா ஓடும்னு ஐன்ஸ்டீன் 1905லயே சொல்லிட்டாரு. 1971ல ஹாஃபலே, கீட்டிங்னு ரெண்டு அமெரிக்காக்காரங்க அணுக் கடிகாரங்களைத் தூக்கிக்கிட்டு, சாதாரணப் பயணிகள் விமானத்துலயே உலகத்தைச் சுத்தி வந்து பாத்தாங்க. கிழக்கே போனப்போ 59 நானோ செகண்டு பிந்திச்சு. ஒரு செகண்டை நூறு கோடியா நறுக்குனா அதுல 59 துண்டு. வெத்தலைய மடிக்கவே காணாது.

ரஷ்யாவுல கிரிக்காலெவ்னு ஒரு ஆளு. ஆறு தடவையா மொத்தம் 803 நாள் விண்வெளியில சுத்துனாரு. எதிர்காலத்துக்கு அவரு தாண்டுனது செகண்டுல அம்பதுல ஒரு பங்கு. இந்த வட்டிக்கு எவனும் பேங்குல பணம் போடுவானாடே? ஆனா 1991 மே மாசம் மேல ஏறுதப்போ அவரு சோவியத் யூனியன்காரரு. 1992 மார்ச்ல இறங்கிப் பாத்தா அந்த நாடே இல்ல! ஐன்ஸ்டீன் கொசுறுதான் குடுத்தாரு, யுகத்தைத் தாண்ட வச்சது அரசியல்வாதிங்க.

பின்னாடி போறதுதான் பெரும்பாடு. 1949ல கோடல்ங்கிறவரு, ஐன்ஸ்டீன் சமன்பாட்டை வச்சே நேத்துக்குப் போக வழி இருக்குன்னு கணக்குப் போட்டுக் காமிச்சாரு. பிரபஞ்சம் மொத்தமும் சுத்திக்கிட்டு இருக்கணும், அம்புட்டுதான். நம்ம பிரபஞ்சம் அப்படிச் சுத்துததா எவனும் பாக்கல. புழுத்துளைன்னு காலத்துல ஒரு குறுக்குச் சந்து, அது வழியாப் போலாம்பாங்க. அதைத் தொறந்து வைக்க எதிர்மறை ஆற்றல் மூட்டை மூட்டையா வேணும். நம்ம சந்தையில வராது.

இதுல ஒரு வம்பு வேற. பின்னாடி போயி உங்க தாத்தாவைக் கொன்னுட்டா நீ எப்படிப் பொறப்பன்னு கேக்காங்க. ஏம்ல, கொல்லுததுக்குத் தாத்தாதான் கிடைச்சானா? மாமனார் பேரை ஒருத்தனும் எடுக்க மாட்டேங்கான். எடுத்தா வீட்டுல சோறு கிடைக்காதுல்லா.

ஸ்டீபன் ஹாக்கிங் 2009 ஜூன் 28ல எதிர்காலத்துக்காரங்களுக்கு ஒரு விருந்து வச்சாரு. பலூன் கட்டி, ஷாம்பெயின் ஊத்தி வச்சுக்கிட்டுக் காத்திருந்தாரு. அழைப்பை விருந்து முடிஞ்ச பொறகுதான் வெளியிட்டாரு. ஈ காக்கா வரல. அதனால பின்னாடி வரவே முடியாதுன்னு மனசுல பட்டாலும் எனக்கு ஒரு சந்தேகம்டே. நேருல போயி வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிடாம எவன் வருவான்?

இன்னொண்ணு கேளு. 2010ல அமெரிக்காவுல ஒரு கடிகாரத்தை ஒரு அடி உசத்தி வச்சுப் பாத்தா, கீழ உள்ளதை விட அது வேகமா ஓடுது. அப்படின்னா நிக்கிறவனுக்குக் காலை விடத் தலைக்கு வயசு கூடும். அதான் நான் பகல் பூரா திண்ணையில படுத்தே கிடக்கேன். உங்க ஆச்சிகிட்ட இதைக் கொஞ்சம் எடுத்துச் சொல்லு. நீ படிச்ச புள்ள, நீ சொன்னா நம்புவா.