ஆவன செய்யப்படும்: பிரமுகர் வீட்டுக் கடிதங்கள் பற்றிய ஒரு முன்னாய்வு

இலங்கையின் தெஹியோவிட்டவைச் சுற்றியுள்ள இறப்பர்த் தோட்டமொன்றில் மாரியம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேக மலர் அச்சிட்டால், முதல் சில பக்கங்களில் அம்மனைக் காண்பது அரிது. அமைச்சரின் வாழ்த்துச் செய்தி, முன்னாள் அமைச்சரின் வாழ்த்துச் செய்தி, அமைச்சராக வரக்கூடியவரின் வாழ்த்துச் செய்தி என எல்லாம் முடிந்த பிறகே அம்மனுக்கு இடம் கிடைக்கும். செய்திக்கு மேலே யாருடைய படம் இருக்கிறதோ அவர் அதை எழுதியிருக்க மாட்டார் என்பதைக் கோயில் கமிட்டியில் தேங்காய் உடைப்பவர்வரை எல்லோரும் அறிவார்கள். அப்படியென்றால் எழுதியவர் யார்? சங்க நூல்களின் இடைச்செருகல்களை ஆராய்ந்து களைத்த தமிழ்ப் புலமையுலகம் இந்தக் கேள்வியின் பக்கம் ஏனோ வரவில்லை.

வாழ்த்தோ உதவியோ கேட்டுக் கடிதம் எழுதப் பெரிய குடும்பம் தேடி அலைய வேண்டிய ஊரல்ல தெஹியோவிட்ட. பக்கத்து அவிசாவளையில் 1936இல் அரசாங்க சபைக்குத் தெரிவானவர் பிலிப் குணவர்தன. அவருடைய மகன் தினேஷ் 2022இல் பிரதமரானார். மலையகம் முழுவதற்கும் பொதுவாகத் தொண்டமான் குடும்பம் உண்டு: சௌமியமூர்த்தி, பேரன் ஆறுமுகன், கொள்ளுப்பேரன் ஜீவன். ஆள் மாறலாம், விலாசம் அநேகமாக மாறாது. மனு எழுதுபவருக்கு இது பெரிய சௌகரியம்.

மறுமுனையில் உட்கார்ந்து பதில் எழுதுபவருக்கு இலங்கையில் பிரத்தியேகச் செயலாளர், இணைப்புச் செயலாளர் என்று பட்டங்கள் உண்டு. பிரதமராயிருந்த சிறிமாவோ பண்டாரநாயக்க இந்தப் பதவிகளையும் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டார். சகோதரர் மெக்கி ரத்வத்த பிரத்தியேகச் செயலாளர். மகள் சுனேத்ரா எழுபதுகளில் இணைப்புச் செயலாளர். வெளியாளாக நின்று சாதித்தவர் பிரட்மன் வீரக்கோன். 1954இல் பிரதமர் அலுவலகத்துக்குள் நுழைந்த அவர், பிரதமர்களும் ஜனாதிபதிகளுமாக ஒன்பது தலைவர்களிடம் பணியாற்றினார். தலைவர்கள் வந்து போனார்கள், செயலாளர் இருந்தார்.

பிறநாட்டுச் சான்றுகளுக்கும் குறைவில்லை. அமெரிக்க வெள்ளை மாளிகையில் ஜனாதிபதியின் மனைவிக்குச் சமூகச் செயலாளராக முதன்முதலாக அமர்த்தப்பட்டவர் இசபெல்லா ஹாக்னர்; ஆண்டு 1901. இந்தியாவில், இந்திரா காந்தி பிரதமராவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1953இல், உஷா பகத் அவருக்குச் செயலாளராகச் சேர்ந்தார். ஆனால் இத்துறையின் குருசேத்திரம் 1963தான். கென்னடி சுடப்பட்ட ஏழு வாரங்களுக்குள் அவருடைய மனைவிக்கு எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட அனுதாபக் கடிதங்கள் குவிந்தன. எல்லாவற்றுக்கும் பதில் வரும் என்று அந்த அம்மையார் தொலைக்காட்சியில் தோன்றி வாக்குக் கொடுத்துவிட்டார். அந்த வாக்கு செயலாளர் நான்சி டக்கர்மன் தலைமேலும் தொண்டர்கள் தலைமேலும் விழுந்தது. அச்சிட்ட நன்றி அட்டைகள் இலட்சக்கணக்கில் போயின. கொடுத்த வாக்கு ஒருவருடையது, வலித்த கை வேறொருவருடையது என்னும் விதிக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கடினம்.

இனி இலக்கணம். செயலாளர் நடையின் உச்சம் ‘ஆவன செய்யப்படும்’ என்பது. வினை இருக்கிறது, செய்பவர் இல்லை. காலம் எதிர்காலம், எந்த எதிர்காலம் என்று கேட்கக் கூடாது. பள்ளிக்கூடத்தில் படித்த தோன்றா எழுவாய்க்கு இது ஒன்றுவிட்ட உறவு: இங்கே எழுவாய் ‘ஆவன’, தோன்றாதவர் செய்பவர். அங்கே எழுவாயைத் தேடினால் கிடைக்கும், இங்கே செய்பவரைத் தேடவும் முடியாது. ‘உரிய கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டுள்ளது’ என்பது இதன் தம்பி. மறுப்பும் இல்லை, உறுதியும் இல்லை. ஆனால் படித்து முடிக்கையில் ஏதோ கிடைத்த மாதிரி இருக்கும். இதைக் கேலியாகப் பார்ப்பது தவறு. ஒரே நாளில் கூரைத் தகரம் கேட்ட தோட்டத்துக்கும், பிளாஸ்டிக் கதிரை கேட்ட வாலிபர் சங்கத்துக்கும், மகனுக்கு வேலை கேட்ட தாய்க்கும் கோபம் வராதபடி எழுதுவது சின்னக் கலையல்ல.

ஆனால் அறிஞர்கள் வழக்கமாகத் தவறவிடுவது வாசகரைத்தான். தோட்டத்து லயத்தில் வாசலுக்கு வாசல் தபால் வருவது நெடுங்காலம் வழக்கில் இருக்கவில்லை. லயக் காம்பராவுக்குத் தனி விலாசம் இருக்கவில்லை. பெயரையும் தோட்டத்தையும் டிவிசனையும் எழுதினால் சரி. தப்பால்காரர் பையைத் தோட்டக் கந்தோருக்குக் கொண்டுபோவார், அங்கே பிரித்துக் கொடுப்பார்கள். ஆகவே அரச இலச்சினை அச்சிட்ட நீள உறை உரியவரான தோட்டத் தலைவர் கைக்கு வரும் முன்பே கிளாக்கர் ஐயா பார்த்துவிடுவார், கணக்கப்பிள்ளை பார்த்துவிடுவார், துரைக்கும் செய்தி போய்விடும்.

“தலைவரே, கொழும்புலருந்து பெரிய லெட்டரு வந்திருக்காம்ல?”

“ஆமா தம்பி, ஐயா எழுதியிருக்காரு. இன்னும் பிரிக்கல.”

பிரிக்காமலே அதன் வேலை முடிந்தது என்பதே இவ்வாய்வின் மையத் துணிபு. மறுநாள் தலைவர் கந்தோருக்குப் போனால் உட்காரக் கதிரை கிடைக்கும். உள்ளே இருப்பது ஆவன செய்யப்படும் என்ற ஒற்றை வரி என்பது அவருக்கும் தெரியும். அதனால்தான் அவர் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பைலில் வைக்கிறார். யாருக்கும் வாசித்துக் காட்டுவதில்லை. செயலாளர் எழுத்தில் கைகாரர் என்றால் தலைவர் உறையில் கைகாரர். இருவரும் நேரில் சந்தித்ததே இல்லை, கூட்டு வியாபாரம் மட்டும் நடக்கிறது.

எல்லாக் கடிதமும் இப்படி வெறும் உறையாக நின்றுவிடுவதில்லை என்ற எதிர்வாதத்தையும் பதிவு செய்யத்தான் வேண்டும். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த உடன்பாடு, வடிவத்தில் இரு பிரதமர்கள் பரிமாறிய கடிதங்கள். நாடற்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கணக்குக்குள் தெஹியோவிட்டத் தோட்டத்து மக்களும் இருந்தார்கள். அந்தக் கடிதங்கள் பேசியது அவர்களைப் பற்றி. அவர்களில் ஒருவருக்கும் அவை எழுதப்படவில்லை. தலைவர்மார் உள்ளடக்கத்தைவிட உறையை நம்பியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இந்த இடத்தில் ஆய்வாளருக்குச் சிரிப்பு வரவில்லை என்பதை அடிக்குறிப்பாகக் கொள்க.

கையெழுத்து விடயத்துக்கு வருவோம். கென்னடி இயந்திரப் பேனாவைத் தாராளமாகப் பயன்படுத்தியவர். 2011இல் ஒபாமா பிரான்சில் இருந்தபோது வாஷிங்டனில் ஒரு சட்டமே அந்தப் பேனாவால் கையொப்பம் பெற்றது. நம் பக்கத்தில் அவ்வளவு செலவில்லை, இறப்பர் முத்திரை போதும். 1876இல் கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்த கன்றுகள் இல்லாவிட்டால் தெஹியோவிட்ட மலைச்சரிவுகளில் இறப்பர் ஏது? விடியற்காலையில் பால் வெட்டப் போகிறவர் வெட்டிய பால், கொழும்பு மேசையொன்றில் முத்திரையாகி, அவருடைய மனுவின் மேலேயே ‘கிடைக்கப்பெற்றது’ என்று விழுந்திருக்கலாம் என்ற கருதுகோளை மறுக்க இதுவரை யாரும் முன்வரவில்லை.

கள ஆய்வில் எஞ்சும் சிக்கல் காலந்தாழ்ந்த வாழ்த்துச் செய்திகள். கும்பாபிஷேகத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது, அச்சகத்தில் ஒரு முழுப் பக்கம் வெறுமையாகக் காத்திருக்கிறது, செயலாளரின் தொலைபேசியோ மணியடித்துக்கொண்டே இருக்கிறது. அப்போது கமிட்டிச் செயலாளர் பழைய மலரொன்றை எடுக்கிறார். கோயிலின் பெயரையும் ஆண்டையும் மாற்றுகிறார், ‘சிறப்புற நடைபெற’ என்பதை அப்படியே விடுகிறார். மலர் வெளிவந்ததும் ஒரு பிரதி பிரமுகர் வீட்டுக்கு அனுப்பப்படும். அந்தச் செய்தியைத் தாம்தான் எழுதினோம் என்று பிரத்தியேகச் செயலாளரே நம்பிவிடுவார்.