கொசு உள்ளானின் கால் வளையம்

எண்பதுகளில் கோடியக்கரைக்குப் போய்வந்த யாரைக் கேட்டாலும் முதலில் அந்தச் சேற்றைப் பற்றித்தான் சொல்வார்கள். வேதாரண்யத்தில் பஸ் மாறி, கோடியக்காட்டைத் தாண்டி, வெளிமான்கள் தலைநிமிர்ந்து பார்க்கும் புல்வெளியையும் கடந்தால், வானமும் தண்ணீரும் எங்கே பிரிகின்றன என்று தெரியாத உப்புச் சதுப்பு. இறங்கினால் காலைப் பிடித்துக்கொண்டு விடாத சேறு. அங்கேதான் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வலசைப் பறவைகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் படித்த காலத்தில், கூடமாட ஒத்தாசையாக நானும் அந்த முகாமில் இருந்திருக்கிறேன்.

ஆராய்ச்சி நிலையம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குக் கணினித் திரைகள் ஞாபகம் வரும். எங்களுக்கு அது ஒரு பெட்ரோமாக்ஸ் விளக்கு, மூங்கில் கம்புகள், கண்ணுக்கே தெரியாத மெல்லிய நைலான் வலைகள், துணிப்பைகள், ஒரு ஸ்பிரிங் தராசு, குறடு, ஈரம் பட்டாலும் எழுத்து கலையாத பென்சில். நிலவில்லாத இரவுகளுக்காகக் காத்திருப்போம். வெளிச்சம் இருந்தால் பறவைக்கு வலை தெரிந்துவிடும். வலை கட்டும் வித்தையைக் கற்றுத்தந்தவர்கள் பீகாரிலிருந்து வந்த மிர்ஷிகார்கள். பறவை பிடிப்பதே அவர்களுடைய குலத்தொழில். எந்தப் பறவை எந்த உயரத்தில், எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதைக் காற்றை வைத்தே சொல்லிவிடுவார்கள். புத்தகம் படித்த நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருக்கிறோம்.

வலையிலிருந்து எடுத்த கொசு உள்ளானை முதல்முறை கையில் வாங்கியவர்களுக்கு அது மறக்காது. சிட்டுக்குருவி அளவுதான்; எடை 20-25 கிராம். "தம்பி, கழுத்தை நெரிக்காதீங்க. ரெண்டு விரலுக்கு நடுவுல விட்டுட்டு உடம்பை உள்ளங்கையில சாய்ச்சுக்குங்க" என்று பக்கத்தில் ஊர்க்கார அண்ணன் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார். பிடித்ததும் உள்ளங்கையில் அந்த இதயம் எண்ண முடியாத வேகத்தில் துடிப்பது தெரியும். குறடால் வளையத்தின் இரு முனைகளும் சரியாகப் பொருந்தும்படி அழுத்த வேண்டும். இடைவெளி விட்டால் நாரும் நூலும் சிக்கிக் காலே போய்விடும். பிறகு சிறகின் நீளம், அலகின் நீளம். அடுத்து, விளக்கைக் கிட்டே இழுத்து, சிறகை விசிறிபோல மெல்ல விரித்து, பறப்பதற்கான பெரிய இறகுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்: பழசு என்றால் 0, முழுதாய் முளைத்த புதுசு என்றால் 5, இடைப்பட்டவற்றுக்கு இடைப்பட்ட எண். அந்த எண்களை ஒருவர் உரக்கச் சொல்ல, இன்னொருவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுதுவார். கடைசியில் கையைத் தரையோடு வைத்து விரலைத் திறந்தால் ஒரு கணம் அப்படியே உட்கார்ந்திருக்கும்; பிறகு இருட்டில் கிளம்பிப் போகும். கோடை வந்ததும் ஆர்க்டிக் ஓரத்துத் தூந்திரத்தில் முட்டையிடப் போகிற உயிர் அது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கிறது.

அதற்குப் பிறகு காத்திருப்புதான். வளையத்தில் ஓர் எண்ணும், பம்பாய்க் கழகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லும் ஒரு வரியும் இருக்கும், அவ்வளவே. 1899-ல் டென்மார்க்கின் ஆசிரியர் மார்ட்டென்சன் ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணும் முகவரியும் பொறித்த வளையம் மாட்டிய காலத்திலிருந்து முறை அதிகம் மாறவில்லை. என்றைக்காவது எங்கோ ஒருவர் அந்த எண்ணைப் படித்து எழுதிப் போட்டால், கோடியக்கரையின் சேறும் ரஷ்யாவின் ஏதோ ஓர் ஆற்றங்கரையும் ஒரு கோட்டில் இணையும். அப்படி ஒரு தகவல் வந்துவிட்டால் முகாமே கொண்டாடும். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: அந்தக் கடிதம் பெரும்பாலும் அந்தப் பறவையின் சாவுச் செய்தி. சுடப்பட்டோ, பொறியில் அகப்பட்டோதான் பல எண்கள் படிக்கப்பட்டன.

அந்த வகையில் இன்றைய காலம் மேல் என்பேன். காலில் வண்ணக் கொடி மாட்டிய உள்ளானைத் தொலைவிலிருந்தே பெரிய லென்ஸில் படமெடுத்து எண்ணைப் படித்துவிடுகிறார்கள். பறவை சாக வேண்டியதில்லை. 2013-ல் நாகாலாந்தில் மூன்று அமூர் வல்லூறுகளுக்கு வெயிலில் இயங்கும் 5 கிராம் செயற்கைக்கோள் கருவியைப் பூட்டி, நாகா, பாங்டி, வோக்கா என்று பெயரிட்டு அனுப்பினார்கள். அவை அரபிக்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போனதை நாடே வரைபடத்தில் பின்தொடர்ந்தது. எந்தக் கடிதமும் தராத விவரம் அது. மெர்லின் செயலியோ குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லிவிடுகிறது. நாங்கள் ஒரு குரலுக்குச் சொந்தக்காரரைத் தேடிக் காலை முழுக்கப் புதருக்குள் குனிந்து நடந்த சுகம் மட்டும் அதில் இல்லை. அந்தத் தேடலில் தேடாத பத்துப் பறவைகளும் கண்ணில் பட்டன.

ஆனால் கொசு உள்ளான் இன்னும் விட்டுக்கொடுக்கவில்லை. சுமக்கும் கருவி உடல் எடையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது நெடுநாள் வழக்கம். 3 சதவீதமே போதும் என்பவர்களும் உண்டு. வல்லூறு சுமந்த அதே 5 கிராமை இதன் முதுகில் ஏற்றினால், 60 கிலோ ஆள் 12 கிலோ மூட்டையை இறக்கிவைக்காமல் சைபீரியா வரை சுமப்பதற்குச் சமம். கருவிகள் சிறுத்துக்கொண்டே வருகின்றன என்றாலும், ஆயிரக்கணக்கில் பூட்டக் காசு ஏது? ஆகவே இந்தச் சிறு பறவைகளின் ஆயுளையும் வழியையும் அறிய இன்றைக்கும் இருட்டில் வலை கட்டத்தான் வேண்டும். உப்பளங்கள் பெருகி நீரோட்டம் மாறிய பிறகு கோடியக்கரையில் உள்ளான்களின் வரத்து குறைந்ததை எடுத்துச் சொன்னதும், பல்லாண்டு காலம் விடாமல் நடந்த இந்தப் பழைய வேலைதான். செயற்கைக்கோளுக்குப் பணம் தருபவர்கள் சேற்றில் நிற்பவரின் கூலியையும் மறக்கக் கூடாது. ஆய்வுக் கட்டுரையில் அவர் பெயரும் இருக்க வேண்டும்.

நீங்கள் சதுப்பில் இறங்க வேண்டாம். பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில், உங்கள் ஊர் ஏரிக்கரையில் 15 நிமிடம் நின்று கண்ணில் பட்டவற்றை எண்ணிப் பதிவு செய்தாலே போதும். காலில் வளையமோ கொடியோ உள்ள பறவையைக் கண்டால், எண், நிறம், இடம், தேதி நான்கையும் குறித்து, முடிந்தால் படமும் எடுத்து, கழகத்துக்கு எழுதிப் போடுங்கள்.