டிராமுக்குப் பனி: நகரக் கட்டுமான விளையாட்டின் இணைப்புப் பொதிகளில் நீதி குறித்து ஓர் ஆய்வு

நூல் மூவகைப்படும்: முதல்நூல், வழிநூல், சார்புநூல். இப்படிப் பகுத்த இலக்கண ஆசிரியர்கள் கணினி விளையாட்டுகளை மனத்தில் கொள்ளவில்லை என்பதற்குச் சான்று ஏதும் இல்லை. 2015இல் வந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ முதல்நூல். 2023இல் வந்த அதன் இரண்டாம் பாகம் வழிநூல். இடைப்பட்ட எட்டாண்டுகளில் தனித்தனி விலைக்கு வந்துகொண்டிருந்த டிஎல்சி என்ற இணைப்புப் பொதிகள் எல்லாம் சார்புநூல். சார்புநூல் சொன்னதை வழிநூல் எடுத்தாளும்போது வாசகனிடம் இன்னொரு முறை காசு கேட்கலாமா? உரையாசிரியர்கள் ஒருவரும் இதைத் தொடாமல் போனதால் இந்தப் பணி நம் தலையில் விழுந்தது.

ஆய்வுக்களம் பின்லாந்தின் டம்பெரே நகரம். அங்குள்ள கலாசல் ஆர்டர் என்ற சிறு நிறுவனத்தில் பத்துப் பதின்மூன்று பேர் சேர்ந்து ஆக்கியதே முதல்நூல். சுவீடனின் பாரடாக்ஸ் அதை 2015 மார்ச் 10 அன்று வெளியிட்டது. சரியாக ஆறு நாள் முன்புதான் சிம்சிட்டி என்ற நகரக் கட்டுமான விளையாட்டை உண்டாக்கிய மேக்சிஸின் எமரிவில் ஸ்டுடியோவை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் இழுத்து மூடியிருந்தது. பழையன கழிதலும் புதியன புகுதலும் ஒரே வாரத்தில் நடந்ததற்கு இலக்கணத்தில் இடமுண்டு, மேலே செல்வோம்.

நூற்பா ஒன்று:

முதனூற் காலத்துப் பொதியிற் போந்து
நகரியல் பாக நிலைத்தவை எல்லாம்
வழிநூல் அடிக்கண் வைத்தல் கடனே.

இந்நூற்பா என்னுதலிற்றோ எனின், முன்பு தனிப்பொதியில் வந்து, பிறகு அது இல்லாமல் நகரமே இல்லை என்றாகிவிட்டவற்றை இரண்டாம் பாகத்தின் பேஸ் கேமிலேயே, அதாவது மூல விளையாட்டிலேயே, வைக்க வேண்டும் என்பதை உணர்த்துதல் நுதலிற்று. ‘நிலைத்தவை’ என்றதனான் நிலையாதவை விலக்கப்பட்டன. அவை எவை என்பதில்தான் சண்டை.

முதலில் 2015 செப்டம்பரின் ‘ஆஃப்டர் டார்க்’ பொதியைக் காண்க. இரவும் பகலும் மாறி மாறி வரும் வசதி அப்போது எல்லோருக்கும் இலவச அப்டேட்டாகக் கிடைத்தது. ஆனால் அந்த இரவில் வீடு திரும்ப டாக்ஸி வேண்டுமானால் பொதியை வாங்க வேண்டும். சைக்கிளும் அதற்குள், சிறைச்சாலையும் அதற்குள். ஆக, இருட்டு இலவசம். இருட்டில் திருடியவனை அடைக்கச் சிறைதான் விலைக்கு. பொதுநிதி நிர்வாகம் பயிலும் மாணவர்கள் இந்த ஏற்பாட்டை ஊன்றிப் படிக்கலாம்.

அடுத்தது 2016 பிப்ரவரியின் ‘ஸ்னோஃபால்’. இந்தத் துறையின் தலையாய புதிர் இதுதான். இதில் பனி, பனி வாரும் வண்டி, வீடுகளுக்கு வெப்பமூட்டும் ஏற்பாடு ஆகியவற்றோடு டிராமும் வந்தது. பனியோ அதற்கென அமைந்த குளிர்கால வரைபடங்களில் மட்டும் கொட்டும். வெயில் காயும் வரைபடத்தில் நகரம் கட்டும் மேயர் டிராமுக்கு ஆசைப்பட்டால் பனியையும் சேர்த்து வாங்கி, ஆயுள் முழுக்க அதன் ஒரு துகளைக்கூடக் காணாமல், டிராமை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்க வேண்டும். தண்டவாளத்துக்கும் உறைபனிக்கும் என்ன உறவு என்று தேடினால் தருக்கம் ஒன்றும் அகப்படவில்லை. கலாசல் ஆர்டரே ஆக்கி 2011இல் வந்த ‘சிட்டீஸ் இன் மோஷன்’ விளையாட்டில் டிராம் முதல் நாளே ஓடியது என்பது புதிரை இன்னும் இறுக்குகிறது. நிறுவனத்தின் தரப்பில் ஒன்று சொல்லலாம்: டம்பெரே நகரத்துக்கே 2021 ஆகஸ்டில்தான் டிராம் வந்தது. நிஜ ஊர் காத்திருக்கும்போது கற்பனை ஊர் கொஞ்சம் காசு கொடுத்தால் என்ன?

இவ்விடத்தில் ஆய்வுலகம் இரு கட்சியாகப் பிரிகிறது. எட்டாண்டுப் பொதிகள் அத்தனையும் இரண்டாம் பாகத்தில் முதல் நாளே இருக்க வேண்டும் என்பார் முற்சேர்க்கைக் கட்சியார். விமான நிலையத்தைத் துண்டுதுண்டாக அடுக்குவது, மீன்பிடித் துறைமுகம், பல்கலைக்கழக வளாகம் எல்லாமே பிறப்புரிமை. மறுவிற்பனைக் கட்சியாரோ, புது விளையாட்டு புது உழைப்பு, பழைய பெயர் இருந்தால் பழைய சரக்கு ஆகிவிடாது என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. எதை முழுதாக ஏற்றாலும் சிக்கல்: ஒன்றில் விற்பவர் திவாலாவார், மற்றதில் வாங்குபவர்.

நடுநிலைக்கு எம்மிடம் ஒரு சோதனை உண்டு. ஒரு வசதியை எடுத்துவிட்டால் நகரம் தடுமாறுமா, அல்லது அழகு மட்டும் குறையுமா என்று கேட்க வேண்டும். டாக்ஸி, டிராம், சிறை, பருவநிலை ஆகியவை தடுமாற்ற வகை. மீன்பிடித் துறைமுகம் அழகு வகை. அதைத் தாராளமாக விற்கலாம். இந்தச் சோதனையில் இரண்டாம் பாகம் பாதிக்கு மேல் தேறியது என்பதை மறைப்பது ஆய்வு நேர்மையாகாது. 2023 அக்டோபர் 24 அன்று அது வந்தபோது டிராம், டாக்ஸி, சிறை மூன்றும் பேஸ் கேமில் இருந்தன. பனியும் பருவத்தோடு தானாக வந்து தானாக உருகியது. சைக்கிள் மட்டும் இல்லை. இவ்வளவு சேர்த்ததற்காகத் தயாரிப்பாளரை வள்ளல் என்று பாட வேண்டியதில்லை. போன வருஷம் தனிக்காசு வாங்கிய பொரியலை இந்த வருஷம் சாப்பாட்டோடு சேர்த்துவிட்டு, சாப்பாட்டு விலையை ஏற்றிய கடைதான் இது: முதல் பாகம் 29.99 டாலர், இரண்டாம் பாகம் 49.99.

நூற்பா இரண்டு:

அடிமனை ஆடா தமைந்தபின் அல்லது
மாடமும் மகுடமும் விலைகூ றற்க.

இதற்கு உரை தேவையில்லை, எடுத்துக்காட்டே போதும். இரண்டாம் பாகம் வெளியானபோது நல்ல கணினிகளே மூச்சு வாங்கின. தெருவில் போகும் குடிமகனின் பல்வரிசைகூட முப்பரிமாணத்தில் வடிக்கப்பட்டிருந்தது கோப்புகளைக் கிளறியவர்கள் வழியே வெளிச்சத்துக்கு வந்தது. விண்ணிலிருந்து நகரத்தைப் பார்க்கும் விளையாட்டில் பல்லுக்கு என்ன வேலை என்பது வேறோர் ஆய்வுக்குரியது. அடித்தளம் இப்படி ஆடிக்கொண்டிருக்க, ஐந்தே மாதத்தில், 2024 மார்ச் 25 அன்று, ‘பீச் ப்ராப்பர்ட்டீஸ்’ என்ற பொதி 9.99 டாலருக்கு வந்தது. அதில் நீரோர வீடுகள் இருந்தன, பனைவகை மரங்கள் இருந்தன, பீச் இல்லை. திணைக் கோட்பாட்டின்படி நெய்தலுக்குரிய முதற்பொருளை விட்டுவிட்டுக் கருப்பொருளை மட்டும் விற்ற செயல் இது. உரிப்பொருளான இரங்கலை வாங்கியவர்களே சேர்த்துக்கொண்டார்கள். ஸ்டீம் இணையக் கடையில் குவிந்த விமர்சனங்களைப் படித்தால் சங்கப் புலவர்களும் கொஞ்சம் அடக்கி வாசித்தார்கள் என்றே தோன்றும்.

மூன்று வாரத்தில், ஏப்ரல் 15 அன்று, கலாசல் ஆர்டரின் தலைவர் மரியினா ஹல்லிகைனனும் பாரடாக்ஸின் ஃப்ரெட்ரிக் வெஸ்டரும் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம் வந்தது. தனியாக வாங்கியவர்களுக்குப் பணம் திரும்பும். அந்தப் பொதி பேஸ் கேமோடு சேரும். அடுத்து வரவிருந்த ‘பிரிட்ஜஸ் அண்ட் போர்ட்ஸ்’ விரிவாக்கம் 2025க்குத் தள்ளிப்போகும். மொத்தமாக அல்டிமேட் எடிஷன் வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்ப வழியில்லாததால் ஈடாகக் கூடுதல் கட்டடப் பொதிகளும் வானொலி நிலையங்களும் அறிவிக்கப்பட்டன. பீச் இல்லாத வருத்தத்தில் பாட்டாவது கேட்கட்டும் என்ற நல்லெண்ணம் போலும். கேலி ஒருபுறம் இருக்க, விற்ற பொதியைத் திரும்ப வாங்கி எல்லோருக்கும் பொதுவில் வைத்தது இந்தத் தொழிலில் அரிதான செயல். நம் கணக்கில் அதற்குத் தனி மதிப்பெண் உண்டு.

‘பிரிட்ஜஸ் அண்ட் போர்ட்ஸ்’ கடைசியில் 2025 அக்டோபர் 29 அன்று வந்து சேர்ந்தது. அடுத்த மாதமே கலாசல் ஆர்டரும் பாரடாக்ஸும் பிரிவதாக அறிவித்தன. 2026 முதல் விளையாட்டின் பொறுப்பு ஐஸ்ஃப்ளேக் ஸ்டுடியோஸிடம் போவதாக முடிவு. அதுவும் டம்பெரே நிறுவனமே. டிராம் ஓடும் ஊர் என்பதால் நம்பிக்கை வைக்க இடமிருக்கிறது.

எமது தீர்ப்பு இது. நகரத்தை ஓட வைப்பதைச் சேர்த்தே கொடுங்கள், அதற்கு விலையைக் கூட்டினாலும் வாங்குகிறோம். அழகு செய்வதைத் தனியே விற்றுக்கொள்ளுங்கள். டிராமோடு பனியைக் கட்டாதீர்கள். வாசகர்களுக்கு நடைமுறைக் குறிப்பு ஒன்று: ஸ்டீமில் டிஎல்சி வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு மூல விளையாட்டை 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பொதுவாகப் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஒரு ரவுண்டானாவைச் சரிசெய்ய உட்கார்ந்தாலே இரண்டு மணி நேரம் போய்விடும். ஆகையால் வாங்கியதும் முதலில் பீச் இருக்கிறதா என்று பாருங்கள், சாலையைப் பிறகு போட்டுக்கொள்ளலாம்.