துறையூருக்குப் போன மணியார்டர்

தாத்தாவின் தகரப்பெட்டி இன்னும் எங்களிடம் இருக்கிறது. அதன் அடியில், சாக்குத் தைக்கும் நூலால் கட்டி வைத்த மணியார்டர் ரசீதுகள். இலங்கை மலையகத்தின் மஸ்கெலியாத் தபால் கந்தோரிலிருந்து தாத்தா அனுப்பிய பணம் தமிழ்நாட்டில் துறையூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அவருடைய அம்மாவின் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி. ஒவ்வொன்றிலும் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை. சிலவற்றில் மை ஈஷிப் போயிருக்கிறது. சிலவற்றில் ஒவ்வொரு கோடும் எண்ணுகிற மாதிரித் தெளிவாக இருக்கிறது. அந்தக் கிழவியின் படம் எங்களிடம் ஒன்றுகூட இல்லை. விரல் மட்டும் இருக்கிறது.

ஐந்து ரூபாய், ஏழு ரூபாய், ஒரு ரசீதில் பன்னிரண்டு. கணக்கப்பிள்ளைதான் படிவம் எழுதிக் கொடுப்பாராம். இலங்கை ரூபாயும் இந்திய ரூபாயும் அப்போது ஒன்றுக்கு ஒன்று. 1966இல் இந்தியா தன் ரூபாயின் மதிப்பைக் குறைக்கும்வரை அப்படித்தான் இருந்தது. ஆகவே தாத்தா தோட்டத்து லய வீட்டில் எண்ணிக் கொடுத்த ஐந்து, துறையூரிலும் ஐந்தாகவே இருந்தது. இன்றைக்கு ஓர் இந்திய ரூபாய் வாங்க நம்முடையது மூன்றுக்கு மேல் வேண்டும்.

தாத்தாவுக்கும் முந்திய காலத்தில் பணம் இந்த மலையில் வேறு மாதிரி நடமாடியது. அதற்குத் 'துண்டு' என்று பேர். கங்காணியும் அவருடைய ஆட்களும் தோட்டத்துக்கு எவ்வளவு கடன் என்று எழுதிய ஒரு காகிதம். அந்தக் கடனைக் கட்ட வேறொரு தோட்டம் முன்வந்தால் ஆட்கள் மூட்டை முடிச்சோடு அங்கே நடக்க வேண்டும். கடன்தான் கைமாறியது, மனிதர்கள் அதன் பின்னால் போனார்கள். 1921இல் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள். அதற்கு 33 வருடங்களுக்கு முன்பே, 1888இல், ஹட்டனில் இரண்டு வெள்ளைக்காரத் துரைமார் ஒரு வங்கியைத் தொடங்கியிருந்தார்கள். இன்று நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் ஹட்டன் நேஷனல் வங்கியின் வேர் அதுதான். துரைமார் பணத்துக்கு வங்கி, நம் ஆட்களுக்குத் துண்டு. ஒரே மலை, ஒரே காலம்.

1960களில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு இறுகியதும் துறையூருக்குப் பணம் போவது குறைந்து, பிறகு நின்றே போனது. பணம் நின்றது, ஆட்கள் போனார்கள். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி நம் ஆட்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. ஒரு குடும்பம் கொண்டுபோகக்கூடிய சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைக்கக் கூடாது என்று அதில் ஒரு வாசகம் உண்டு. என் பெரியத்தை குடும்பம் சேமலாப நிதியையும் மூன்று பிள்ளைகளையும் எடுத்துக்கொண்டு தலைமன்னாரில் கப்பலேறி, கடைசியில் கோத்தகிரியில் மறுபடியும் கொழுந்து பறிக்கத்தான் போனது. அங்கே அவர்களுக்குப் பேர் 'சிலோன்காரங்க'. எழுபது வருடம் 'ஊர், ஊர்' என்று சொல்லிப் பணம் அனுப்பிய ஒரு வம்சத்துக்கு ஊர் கொடுத்த பெயர் அது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கும்.

1997இல் என் தங்கச்சி வீட்டு வேலைக்குக் குவைத் போனாள். அன்று முதல் பணம் எங்கள் பக்கம் திரும்பியது. முதலில் டிராப்ட். பதிவுத் தபாலில் தோட்ட ஆபிசுக்கு வரும். லயத்துக்கு ஏது முகவரி? தோட்டத்தின் பேர், டிவிஷன் பேர், அவ்வளவுதான். கடிதம் ஆபிஸ் மேசையில் எத்தனை நாள் கிடந்தாலும் கேட்க ஆளில்லை. அம்மா ஒரு பேரை, அதாவது ஒரு நாள் கூலியை, இழந்து பஸ் ஏறி டவுனுக்குப் போய் டிராப்ட்டைப் போட்டால், காசாவதற்கு மூன்று வாரம் ஆகும்.

அப்புறம் கணக்குக்கே நேராக வரத் தொடங்கியது. குவைத்தில் பணம் கட்டும் கடை ஒரு வங்கிக்குச் சொல்லும், அந்த வங்கி இன்னொன்றுக்கு, அது கொழும்புக்கு. இடையில் நிற்கும் வங்கி தன் கூலியை எடுத்துக்கொண்டுதான் மிச்சத்தை விடும். ஒருதடவை பணம் வந்து கொழும்பிலேயே நின்றுவிட்டது. அம்மாவின் அடையாள அட்டையில் பேருக்கு நடுவே ஓர் 'எச்' இருக்கிறது, தங்கச்சி எழுதிய பேரில் அது இல்லை. பிறப்பைப் பதிந்த யாரோ ஒருவருக்குத் தமிழ்ப் பேர் காதில் விழுந்த விதம் அது. கிராம சேவகர் கடிதம், தோட்டத்துக் கடிதம், மூன்று தடவை பஸ். பாலைவனத்தில் ஒருத்தி துணி துவைத்துச் சம்பாதித்த காசு ஓர் எழுத்துக்காக 26 நாள் காத்துக் கிடந்தது. இந்த மலையில் எத்தனை வீட்டில் இப்படி ஓர் எழுத்து குறுக்கே கிடக்கிறதோ!

2021 கடைசியில் வங்கி டாலருக்கு 200 சொச்சம் கொடுத்தது. வங்கிக்கு வெளியே பணம் கைமாற்றும் உண்டியல்காரன் 240க்கு மேல் கொடுத்தான். தங்கச்சி உண்டியலுக்குப் போனாள். மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் லயத்து வாசலுக்கே வந்து எண்ணிக் கொடுத்துவிட்டுப் போவான். அம்மாவுக்கு முகவரி கேட்காமல், எழுத்து பார்க்காமல் கிடைத்த முதல் வெளிநாட்டுப் பணம் அது. அவளைப் போல ஆயிரமாயிரம் பேர் அப்படிச் செய்தார்கள். 2020இல் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக வந்தது 710 கோடி டாலர், 2022இல் 380 கோடிகூட இல்லை. நாட்டில் டாலர் வற்றியது, ஆஸ்பத்திரியில் மருந்து தீர்ந்தது. அம்மாவின் பிரஷர் மாத்திரையை வெளியே மூன்று மடங்கு விலைக்கு வாங்கினோம். உண்டியலில் கூடக் கிடைத்த காசு அதற்குத்தான் போனது. தங்கச்சியிடம் இதைச் சொன்னபோது போனில் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். அவள் மீது ஒரு பிழையும் சொல்ல என்னால் முடியாது. இப்போது வங்கியில்தான் அனுப்புகிறாள்.

அங்கே அவள் அனுப்பினால் சில நிமிடத்தில் இங்கே அம்மாவின் கைபேசி சிணுங்குகிறது. தங்கச்சி மகள் போன தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்தவள் அதில் வங்கிச் செயலியைப் போட்டாள். "அம்மாச்சி, விரலை வைங்க, தொறந்துக்கும்" என்றாள். அம்மா வைத்தாள். திறக்கவில்லை. ஈரத்தைத் துடைத்து வைத்தாள். மற்றக் கையை வைத்தாள். நாற்பது வருடம் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே கொழுந்தை ஒடித்த விரல்கள். கறை ஏறிக் கறுத்து, கோடெல்லாம் தேய்ந்து, கூழாங்கல் மாதிரி வழுவழுவென்று இருக்கின்றன. பிள்ளை அந்தக் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு தன் விரலைப் பதித்தாள். எனக்கு நாலு இலக்கம் சொல்லிக் கொடுத்தாள்.

அவள் போய்விட்டாள். மாதம் பிறந்தால் அம்மா கைபேசியை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னிடம் வருகிறாள்.

"தம்பி, அந்த நம்பர அடிச்சிப் பாரு, தங்கச்சி சல்லி வந்திருச்சா?"